கறுப்பு ரோஜாவும் ஆறுமுகநேரி அக்காவும்

போன ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகநேரிக்குப் போயிருந்தேன். தாய்மாமன் என்ற முறையில் அழைப்பு. சடங்கு இல்லை, சீர் இல்லை. புத்தி சொல்ல அழைப்பு!

புத்தி சொல்வது என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். ஆபீஸில் யாரும் கேட்பதில்லை. வீட்டில் நான் வாயைத் திறந்தாலே மிக்ஸியைப் போட்டு விடுகிறார்கள். ஆகவே அத்தான் போன் பண்ணி, "மாப்ள, நீங்க வந்து ஒங்க மருமவளுக்கு ரெண்டு வார்த்தை எடுத்துச் சொல்லணும்" என்றதும், சனிக்கிழமை சாயங்காலமே எழும்பூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறி விட்டேன்.

விஷயம் இதுதான். அக்காவுக்கு இரண்டு பையன்களுக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி, பி.காம். முடித்து விட்டு, "போலீஸ் வேலைக்குத்தான் எழுதுவேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு லத்தி?" என்று அத்தான் இரண்டு காலிலும் நிற்கிறார். மொத்தம் மூன்று கால். நடுவில் நான்.

என்ன புத்தி சொன்னேன் என்பதற்கு முன்னால் ஒரு சினிமாக் கதை சொல்லியாக வேண்டும். சுற்றி எங்கெங்கோ போகும். ஹாங்காங் வரைக்கும் போகும். ஆனால் கடைசியில் அக்கா வீட்டுத் திண்ணையில் வந்து நிற்கும். நம்பி வாருங்கள்.

* * *

1993 பொங்கல். எனக்குப் பதினேழு வயசு. மூக்குக்குக் கீழே அழுக்கு மாதிரி ஒன்றை வைத்துக் கொண்டு, அதை மீசை என்று சொல்லித் திரிந்த காலம்.

ஆறுமுகநேரி தெரியாதவர்களுக்கு: திருச்செந்தூர் போகிற ரயிலில் காயல்பட்டினத்துக்கு முந்தின ஸ்டேஷன். ஊரைத் தாண்டிக் கடற்பக்கம் நடந்தால் வெள்ளை வெள்ளையாகக் குன்றுகள் தெரியும். காஷ்மீர் என்று ஏமாந்து டூயட் பாட ஆரம்பித்து விடாதீர்கள். உப்பு! அந்த உப்பளம் ஒன்றில் அப்பா கணக்குப்பிள்ளை.

அந்தக் காலத்தில் பொங்கல் என்றால் கரும்பு, மஞ்சள், டெக். கலர் டி.வி.யையும் டெக்கையும் ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து, மூன்று கேசட் போட்டால்தான் தெருவுக்கு மரியாதை. முற்றத்தில் ஆண்கள். வீட்டுக்குள் கதவோரமாகப் பெண்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் போட்ட மூன்று படங்களையும் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன்.

முதல் படம் 'வைஜயந்தி ஐ.பி.எஸ்.'. 1990-ல் தெலுங்கில் 'கர்த்தவ்யம்' என்று வந்து, விஜயசாந்திக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். தமிழில் டப் செய்து விட்டார்கள். விஜயசாந்தி ரவுடிகளைத் துவைத்துக் காயப்போட, கதவுக்குப் பின்னால் இருந்து அப்படி ஒரு சிரிப்பும் கைதட்டலும். எங்கள் ஆச்சிகூட, "நல்லாப் போடுட்டி அவனை!" என்று டி.வி.க்கு உத்தரவு கொடுத்தாள்.

இரண்டாவது படம் 'மன்னன்'. 1992-ல் வந்தது. அதே விஜயசாந்தி. கம்பெனி முதலாளியம்மா. ரஜினி விட்ட அறைக்கு முற்றத்தில் விசில் பறந்தது. நானும் அடித்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். கடைசியில் முதலாளியம்மா ஆபீஸை விட்டு விட்டு வீட்டோடு இருக்கச் சம்மதிக்க, சுபம்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் இருந்து அக்காவின் குரல் கேட்டது. "ஏம்ப்பா, அந்தப் படத்துல பத்து பேரை அடிச்சாளே, இதுல ஏன் அடி வாங்கிட்டு நிக்கா?"

முற்றத்தில் ஒரு நிமிஷம் சத்தமில்லை. பெரியப்பாதான் தீர்ப்பு சொன்னார்: "அது டப்பிங்கு தாயி. இதுதான் நம்ம படம்."

எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று புரிய எனக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. (மெதுவாகத்தான் புரியும். ஆபீஸில் கேட்டுப் பாருங்கள்.)

* * *

மூன்றாவது கேசட், காயல்பட்டினத்து நண்பன் கொண்டு வந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஹாங்காங் என்பது பக்கத்துத் தெரு மாதிரி. ரத்தினக்கல் வியாபாரம், அது இது என்று பல குடும்பங்களில் யாராவது ஒருத்தர் அங்கே இருப்பார். அவனுடைய மாமா லீவில் வந்தபோது சென்ட் பாட்டில், குடை இவற்றோடு கொண்டு வந்த கேசட் அது. ஜாக்கிசானின் 'போலீஸ் ஸ்டோரி - 3'. அதுவும் 1992 படம்தான்.

பேசுவது கான்டனீஸ். கீழே ஆங்கில எழுத்து ஓடும். நாங்கள் எழுத்துக் கூட்டி முதல் வார்த்தையை முடிப்பதற்குள் சீனே முடிந்து விடும். ஆனாலும் அடிதடிக்கு என்ன பாஷை? ராத்திரி இரண்டு மணிக்கு, பெரியவர்கள் எல்லாம் சாய்ந்த பிறகு போட்டோம்.

ஜாக்கிசானைப் பார்க்கத்தான் உட்கார்ந்தோம். ஆனால் படத்தில் ஒரு பெண் போலீஸ் வருகிறார். ஜாக்கிசானை விடப் பெரிய அதிகாரி. அவரை மிரட்டுகிறார், அவருக்குச் சமமாக அடிக்கிறார். கிளைமாக்ஸ் கோலாலம்பூரில். ஜாக்கிசான் ஹெலிகாப்டரில் இருந்து தொங்கும் ஏணியைப் பிடித்து ஆடிக் கொண்டிருக்க, அந்தப் பெண் மோட்டார் சைக்கிளில் மேட்டில் ஏறி, அந்தரத்தில் பறந்து, ஓடுகிற கூட்ஸ் ரயிலின் மேல் போய் இறங்குகிறார்!

"ஏலேய், அதைத் திருப்பிப் போடு!"

கதவோரம். அக்கா தூங்கவில்லை. திருப்பிப் போட்டோம். "இன்னொருக்கா." மறுபடியும் போட்டோம். நாலாவது தடவை டெக்குக்கே மூச்சு வாங்கியது.

படம் முடிந்ததும் ஜாக்கிசான் படங்களில் வழக்கம் போல, ஷூட்டிங்கில் தப்பிப் போனவற்றைக் காட்டினார்கள். அதே பெண் ஓடும் காரின் மேல் விழுந்து, பிடி நழுவி ரோட்டில் உருளுகிறார். எழுந்து மறுபடி செய்கிறார். அக்கா அதையும் பார்த்தாள். "அப்ப நிசமாத்தான் குதிச்சிருக்கா" என்றாள் மெதுவாக. தனக்குத்தானே சொல்லிக் கொண்ட மாதிரி இருந்தது.

அந்தப் பெண்தான் மிஷெல் யோ. மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவர், பாலே நடனம் படித்தவர். அந்தப் படத்துக்கு முன்னால் அவருக்கு மோட்டார் சைக்கிளே ஓட்டத் தெரியாது. அதற்காகவே கற்றுக் கொண்டார். 1985-ல் 'யெஸ் மேடம்' படத்திலேயே பிரமாதமாக அடித்தவர், 1988-ல் கல்யாணம் ஆனதும் சினிமாவே வேண்டாம் என்று போய் விட்டார். அந்த மணவாழ்க்கை முடிந்து 1992-ல் திரும்பி வந்து செய்த வேலைதான் இந்த ரயில் தாவல். 2023-ல் அறுபது வயதில் அவர் ஆஸ்கார் வாங்கியபோது, டி.வி. முன்னால் நான் மட்டும் எழுந்து நின்றேன். வீட்டில், "என்ன, இடுப்புப் பிடிப்பா?" என்று கேட்டார்கள்.

அந்த வருஷத்தைக் கவனியுங்கள். ஒரே 1992-ல் நம்ம ஊர்ப் படத்தில் ஒரு பெண் ஆபீஸை விட்டு வீட்டுக்குள் போகிறார். அங்கே ஒரு பெண் வீட்டை விட்டு ரயில் மேல் ஏறுகிறார்.

* * *

உடனே, "சீனாக்காரி வேற, நம்ம ஊர் வேற" என்று பெரியப்பா மாதிரி முடித்து விடாதீர்கள். இந்த விஷயத்தில் நாம்தான் சீனியர்!

1965-ல் ஹாங்காங்கில் 'கறுப்பு ரோஜா' என்று ஒரு கான்டனீஸ் படம் வந்தது. சோர் யுவென் இயக்கியது. நாம் ஹுங், கோனி சான் இருவரும் அக்கா தங்கை. பகலில் நாகரிகமான பெண்கள், ராத்திரியில் கறுப்பு உடுப்பு மாட்டிக் கொண்டு பணக்காரர் வீட்டில் திருடி ஏழைகளுக்குக் கொடுக்கிறவர்கள். பிடிக்க வருகிற துப்பறிவாளருக்கு அக்கா மேல் காதல். படம் ஓகோ என்று ஓடியது. அடுத்த வருஷமே 'லேடி பாண்ட்' என்று கோனி சானுக்கு இன்னொரு படம். ஜேம்ஸ்பாண்டுக்குப் பாவாடை கட்டி விட்டது போல, வரிசையாகப் பெண் துப்பறிவாளர், பெண் திருடர், பெண் உளவாளி படங்கள். கோனி சானும் ஜோசஃபின் சியாவும்தான் அப்போது அங்கே எம்.ஜி.ஆர்., சிவாஜி!

இப்போது நம்ம கதை. 1937-ல் 'மின்னல் கொடி' என்று ஒரு தமிழ்ப் படம். கே. அமர்நாத் இயக்கம், கே.டி. ருக்மணி கதாநாயகி. சொத்தைச் சொந்தக்காரரிடம் இழந்த பெண், சாகக் கிடக்கிற ஒரு கொள்ளைக்காரனின் பெயரையும் வேஷத்தையும் வாங்கிக் கொண்டு, ஆணுடையில் குதிரை ஏறி, பணக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுக்கிறாள். பிடிக்க வருகிற இன்ஸ்பெக்டருக்கு அவள் மேல் காதல்.

அதே கதை! கறுப்பு ரோஜாவுக்கு 28 வருஷம் முன்னால்!

அதற்கும் இரண்டு வருஷம் முன்பு, 1935-ல் பம்பாயில் 'ஹண்டர்வாலி' வந்து விட்டது. ஆஸ்திரேலியாவில் பிறந்து, இங்கே சர்க்கஸிலும் இருந்து, பிறகு கையில் சாட்டையோடு திரைக்கு வந்த நாடியா. 1936-ல் 'மிஸ் ஃப்ரான்டியர் மெயில்' படத்தில் ஓடுகிற ரயில் கூரை மேல் நின்று ஆண்களைத் தூக்கி அடித்தவர். மிஷெல் யோ ரயில் ஏறுவதற்கு 56 வருஷம் முன்னால், நம்ம தேசத்து ரயிலில் ஒரு பெண் டிக்கெட் இல்லாமல் கூரையில் போயிருக்கிறார், சார்!

பின்னே நாம் எங்கே கோட்டை விட்டோம்? நான் யோசித்துப் பார்த்ததில் இரண்டு காரணம் தெரிகிறது.

ஒன்று, பயிற்சி. அங்கே பீக்கிங் ஓபரா என்கிற நாடகத்தில், சண்டை போடுகிற பெண் என்றே தனியாக ஒரு பாத்திர வகை உண்டு. கோனி சானும் ஜோசஃபின் சியாவும் சின்ன வயதிலேயே அந்தப் பயிற்சி எடுத்தவர்கள். நம்ம நாடகக் கம்பெனிகளில் பெண் வேஷத்தையே ஆண்தான் கட்டினார். சினிமா வந்த பிறகும் கதாநாயகி மாடியில் இருந்து குதிக்கிற ஷாட் என்றால், மீசையை மழித்து விக் வைத்த ஸ்டண்ட் அண்ணாச்சி ஒருத்தர் புடவையோடு குதிப்பார். 'ஷோலே'யில் ஹேமமாலினிக்காக டாங்கா ஓட்டிக் கவிழ்ந்து அடிபட்ட ரேஷ்மா பட்டான் மாதிரி நிஜமான பெண் ஸ்டண்ட் கலைஞர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்.

இரண்டு, டிக்கெட். இதுதான் முக்கியம். 1960-களில் ஹாங்காங் முழுக்கத் தொழிற்சாலை. பிளாஸ்டிக் பூ, துணி, விக் என்று செய்து குவித்தார்கள். வேலை பார்த்ததில் ஏராளம் பேர் சின்ன வயசுப் பெண்கள். அவர்கள் கையில் சம்பளக் காசு இருந்தது. அந்தக் காசில் அவர்களே கூட்டமாகப் போய் டிக்கெட் வாங்கினார்கள். கோனி சானுக்குக் கொடி பிடித்தது அந்தத் தொழிற்சாலைப் பெண்கள்தான். தயாரிப்பாளருக்குப் பெண்ணுரிமை எல்லாம் தெரியாது. கல்லாப்பெட்டி தெரியும். யார் டிக்கெட் வாங்குகிறாரோ, அவர்தான் திரையில் உதை கொடுப்பார்!

எங்கள் ஊரிலும் பெண்கள் வேலை பார்த்தார்கள். அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. வெயில் ஏறினால் கண் கூசும் உப்பளத்தில், பெட்டி பெட்டியாக உப்பைத் தலையில் சுமந்து அம்பாரத்தின் உச்சிக்கு ஏறுவார்கள். உள்ளங்கால் எல்லாம் வெடித்திருக்கும். அந்தக் காட்சிக்கு டூப் கிடையாது, 'கட்' சொல்ல டைரக்டர் கிடையாது. சனிக்கிழமை கூலி வாங்கிக் கொண்டு போவார்கள். கணக்குப்பிள்ளை மகன் என்பதால் எனக்குத் தெரியும். சில பேருக்குப் பின்னால் புருஷன் ரோட்டு முக்கிலேயே கை நீட்டிக் கொண்டு நிற்பான். டிக்கெட் அவன் வாங்குவான். அவனுக்குப் பிடித்த சண்டைதான் திரையில் நடக்கும்.

* * *

இனிமேல் சொல்லப் போவதுதான் கஷ்டம். இத்தனை நேரம் ஹாங்காங், பம்பாய் என்று சுற்றியதே இதைத் தள்ளிப் போடத்தான்.

1992-ல் இன்னொன்றும் நடந்தது. சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். 1973-ல் ஒரு சப் இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, இருபது கான்ஸ்டபிள் என்று ஆரம்பித்த தமிழ்நாட்டுப் பெண் போலீஸ், தனி ஸ்டேஷன் அளவுக்கு வந்து விட்டது. அந்தப் படம் பேப்பரில் வந்தபோது அக்கா அதைக் கத்தரித்துப் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். அக்கா நல்ல உயரம். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் வருவாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில்தான் அப்பா காபி குடிப்பார்.

பொங்கல் கழிந்து ஒரு மாதம் இருக்கும். அக்கா என்னிடம் ஒரு நீளக் கவரைக் கொடுத்தாள். "ஏலே, இதை ரெஜிஸ்டர் தபால்ல போட்டுரு. அப்பாட்ட சொல்லாத. வந்த பொறவு நானே சொல்லிக்கிடுதேன்." தபால் செலவுக்குத் தன் உண்டியல் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.

போலீஸ் வேலைக்கு விண்ணப்பம்.

தபாலாபீஸ் வாசல் வரைக்கும் போனேன். சத்தியமாகப் போனேன். அங்கே நின்று யோசித்தேன். என் அக்கா காக்கிப் பேன்ட் போட்டுக் கொண்டு பஜாரில் நின்றால் என் நண்பர்கள் என்ன சொல்வார்கள்? நேற்று வரை மிஷெல் யோவுக்கு விசில் அடித்தவன்தான். ஆனால் அது டப்பிங்கு. இது நம்ம வீடு.

திரும்பி வந்து கவரை அப்பா கையில் கொடுத்தேன். "நல்ல காரியம் செஞ்சல. ஆம்பளப் பிள்ளைன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று முதுகில் தட்டினார். தபால் காசில் முறுக்கும் கலரும் வாங்கிக் குடித்தேன்.

அப்பா அக்காவை ஒரு வார்த்தை திட்டவில்லை. வைகாசியில் கல்யாணத்தை முடித்து விட்டார். வேலைக்கு ஏன் பதிலே வரவில்லை என்று அக்கா யாரையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகி விட்டது.

* * *

இந்தப் பின்னணியோடுதான், வாசகர்களே, போன ஞாயிறு நான் புத்தி சொல்லப் போனேன்!

திண்ணையில் அத்தான். எதிரே நான். கதவோரம் அக்கா. கவனித்தீர்களா, இப்போதும் கதவோரம். மருமவள் மட்டும் நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உயரம் 159 சென்டிமீட்டர் வேண்டுமாம், அவளுக்கு அதற்கு மேலே இருக்கிறது. 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில் ஓட வேண்டுமாம். "உப்பள ரோட்டுல தெனம் விடியக்காலம் ஓடுதேன் மாமா, அதுக்குள்ள முடிச்சிருவேன்" என்றாள்.

"சொல்லுங்க மாப்ள" என்றார் அத்தான்.

தொண்டையைச் சரி செய்து கொண்டேன். ரயிலில் வரும்போது தயார் செய்த புத்திமதி எல்லாம் ஸ்ரீவைகுண்டத்திலேயே இறங்கிப் போயிருந்தது. "அத்தான், பிள்ளைக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல" என்று ஆரம்பித்து, கவர், தபாலாபீஸ் வாசல், முறுக்கு, கலர் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன்.

யாரும் பேசவில்லை. எங்கேயோ உப்பு லாரி போகிற சத்தம்.

அக்காதான் முதலில் பேசினாள். "எனக்கு அன்னைக்கே தெரியும்ல."

"எப்படிக்கா?"

"ரெஜிஸ்டர் தபால் போட்டா ரசீது குடுப்பான். நீ ரசீது கொண்டாரல. வாயில முறுக்கு வாசம் அடிச்சிது."

அவ்வளவுதான். துப்பறியும் வேலைக்கு எப்பேர்ப்பட்ட ஆளை இந்தத் தமிழ்நாடு போலீஸ் இழந்திருக்கிறது பாருங்கள்! சிரிக்கத்தான் நினைத்தேன். வரவில்லை.

"பொறவு ஏன்க்கா கேக்கல?"

"கேட்டு? நீ சின்னப்பய. அப்பா செத்த அன்னைக்கு அவரு பெட்டியில அந்தக் கவர் அப்படியே இருந்துச்சு. ஒட்டுனது பிரிக்காம. பிரிச்சுக்கூடப் பாக்கல மனுஷன்." சொல்லி விட்டு உள்ளே போய்க் காபி கொண்டு வந்தாள். எனக்குக் கொடுத்தது அந்த எவர்சில்வர் டம்ளரில்.

அத்தான் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு, "என்னமும் செய்ங்க. நான் அளத்துப் பக்கம் போய்ட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டினார். சம்மதமா, கோபமா? இன்று வரை தெரியவில்லை. ஆனால் 'கூடாது' என்று சொல்லவில்லை.

மருமவள் உடனே செல்போனை எடுத்து விட்டாள். இப்போது கவர் இல்லை, தபால் இல்லை, எல்லாம் ஆன்லைன். பெயர், பிறந்த தேதி, படிப்பு என்று தட்டிக் கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள்.

"மாமா, ஒங்க நம்பரைப் போட்டுக்கிடட்டுமா? அப்பா போன்ல மெசேஜ் வந்தா ஒவ்வொண்ணுக்கும் வியாக்கியானம் சொல்லணும்."

"போடு தாயி."

என் சட்டைப் பையில் 'டொய்ங்' என்றது. எடுத்துப் பார்த்தேன். ஆறு இலக்கம். கீழே வழக்கமான எச்சரிக்கை, இதை யாரிடமும் பகிர வேண்டாம் என்று.

அக்கா கதவோரத்திலிருந்து என்னையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தேன்.